நானி ட்ராப்பும் விருந்தோம்பலும்: ஓர் ஆய்வுரை

தமிழர் விருந்தோம்பலைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட கட்டுரைகளை அடுக்கினால் ஒரு குளியலறை நிறையும். அந்தக் குளியலறையின் தரையில், மூலையில், சல்லடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பொருளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. இக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். விருந்தாளி வராத வீடு நாறும் என்பது என் கருதுகோள். உருவகமாகச் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம்; முகர்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

ஆய்வுக்களம் சென்னைப் புறநகரில் ஓர் அடுக்ககத்தின் முதல் மாடி. குளியலறைகள் இரண்டு. ஒன்று நாங்கள் புழங்குவது. மற்றது விருந்தாளிகளுக்கு என்று வீடு வாங்கிய அன்றே ஒதுக்கி, வெள்ளைத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் எந்த விருந்தாளியும் முகம் துடைத்துவிடாதபடி காத்துவருவது. சென்ற மே மாத நடுவில் இந்த இரண்டாம் அறையிலிருந்து வாடை கிளம்பியது.

வாடையின் தோற்றம் பற்றி வீட்டில் மூன்று கொள்கைகள் நிலவின. முதலாவது என் மனைவியின் எலிக் கொள்கை. "ஏங்க, எங்கேயோ எலி செத்துக் கிடக்குது, பரண்ல ஏறிப் பாருங்க" என்றாள். ஏறினேன். எலி இல்லை, முன்பு தொலைந்துபோனதாக நான் கோபித்துக்கொண்ட குடை இருந்தது. இரண்டாவது என் மாமியாரின் மேல்வீட்டுக் கொள்கை. மேல்வீட்டில் கருவாடு சேர்த்து வைக்கிறார்கள் என்பது அதன் சாரம். இதற்குச் சான்றுகளைவிட முன்பகை ஆதாரமாக இருந்தது. மூன்றாவது என்னுடையது: வாடையே இல்லை. இதை நான் எதனால் நேர்மையாக நம்பினேன் என்பதைப் பிறகு நிறுவுவேன்.

மூன்றாம் நாள் பிளம்பர் வந்தார். கதவைத் திறந்து ஒரே ஒரு மூச்சு இழுத்தார். "இந்த பாத்ரூம் யாரும் புழங்குறதில்லையா சார்?" என்றார். குழாயைத் திறந்து ஒரு மக்கு தண்ணீர் பிடித்துத் தரைச் சல்லடையில் ஊற்றினார். இன்னொரு மக்கு ஊற்றினார். "அவ்ளோதான் சார்." கூலி 300 ரூபாய், மக்கு ஒன்றுக்கு 150 வீதம். போகும்போது, "நானி ட்ராப் காஞ்சு போச்சு, வேற ஒண்ணும் இல்ல" என்று ஒரு வாக்கியம் சொன்னார். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. இக்கட்டுரை அந்த இலவச வாக்கியத்துக்கு நான் எழுதும் உரை.

முதலில் சொல்லாராய்ச்சி. நானி என்பது யாது? 'நாணி' என்பதன் திரிபே 'நானி' என்று ஒரு தரப்பாக வாதிடலாம். தரைக்குக் கீழே ஒளிந்து, தலையில் சல்லடையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, யார் குளிக்க வந்தாலும் நிமிர்ந்து பாராத பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? இந்தி வழியாகப் போனால் நானி என்பவள் தாயைப் பெற்ற பாட்டி. வீட்டு மூலையில் உட்கார்ந்து, குடும்பத்தின் அழுக்கையெல்லாம் வயிற்றில் வாங்கி, ஊருக்குத் தெரியாமல் கடத்திவிடுபவள். இதுவும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் ஹார்டுவேர் கடைப் பில்லில் 'நஹானி ட்ராப்' என்று இருக்கிறது. மராத்தியில் 'ந்ஹாணி' என்றால் குளியலறை, அவ்வளவுதான். உண்மை தெரிந்த பிறகும் எனக்கு முதல் தரப்பை விட மனம் வரவில்லை. சொல்லாராய்ச்சியில் இது அனுமதிக்கப்பட்ட வழக்கமே.

அடுத்து அமைப்பு. ஒரு குழாயைத் தமிழ் 'ப' போல வளைத்தால், மேலிருந்து வரும் தண்ணீர் ஒரு காலில் இறங்கி மறுகாலில் ஏறி வெளியேறும். வரத்து நின்றதும் வளைவின் அடியில் கொஞ்சம் தங்கிவிடும். அந்தத் தங்கல்தான் ட்ராப். இந்தப் பக்கம் நம் வீட்டுக் காற்று, அந்தப் பக்கம் சாக்கடைக் காற்று, நடுவில் தண்ணீர்க் கதவு. தண்ணீர் போகும், காற்று வராது. தண்ணீரே கதவாகவும் தண்ணீரே போக்குவரவாகவும் இருப்பதால் இந்தக் கதவுக்குக் கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, தேய்ந்துபோக ஒன்றுமே இல்லை. நானி ட்ராப்பில் இந்த வளைவு ஒரு குட்டைக் கிண்ணத்துக்குள் மடங்கியிருக்கும். வாஷ்பேசினுக்கு அடியில் புட்டி போலத் தொங்கும் பாட்டில் ட்ராப்பும் இதே வித்தைதான். (அதன் அடிமூடியைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கல்வைத்த மூக்குத்தியைப் பேசினில் விட்டவர்கள், அழுவதற்கு முன் அதைக் கழற்றிப் பார்க்கவும். எங்கள் வீட்டில் அது ஒருமுறை நகை லாக்கராகப் பணியாற்றியிருக்கிறது.)

வளைவு போகும் போக்கைப் பார்த்து ஆங்கில எழுத்துகளால் பெயர் வைத்திருக்கிறார்கள். வளைந்து எழுந்து சுவருக்குள் படுக்கையாகப் போவது பி ட்ராப். எழுந்து மறுபடி தரைக்குள் இறங்குவது எஸ் ட்ராப். யூ வளைவுக்கு நம்மிடம் 'ப' இருக்கிறது. எஸ்ஸுக்கு ஈடு தேடி 247 எழுத்துகளையும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனால் தேடலில் ஒன்று புலப்பட்டது. ஆய்த எழுத்து, மூன்று துளையுள்ள தரைச் சல்லடையேதான். இதன் வரலாற்று முக்கியத்துவத்தைத் தனிக் கட்டுரையில் விளக்குவேன்.

முன்னோர் நூல்களில் ட்ராப் உண்டா? திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில், அதாவது 720-இல், அங்கணம் வருகிறது. அங்கணம் என்பது கழிவுநீர் கொட்டும் இடம். அதில் அமுதத்தைக் கொட்டினால் வீண் என்பது வள்ளுவரின் கவலை. உள்ளே போவதைப் பற்றித்தான் பேச்சு. உள்ளிருந்து வெளியே வருவதைப் பற்றி 1330-இலும் ஒரு சொல் இல்லை. மணிமேகலை ஒருபடி மேலே போய், மூடிய வடிகாலைச் 'சுருங்கைத் தூம்பு' என்று பெயர் சொல்லியே அழைக்கிறது. பெண்கள் கூந்தல் கழுவிய நறுமண நீர் அதன் வழியே அகழிக்குப் போகிறது. கழிவுநீரே மணக்கும் ஊரில் ட்ராப் எதற்கு என்று காப்பியத்தை எழுதிய சாத்தனார் விட்டிருக்கலாம். கூந்தலையும் தூம்பையும் அவர் அடுத்தடுத்து வைத்ததில் வேறொரு நுட்பம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நூல்கள் மௌனம் காத்ததற்கு உண்மைக் காரணம் வாழைமரம். நம் ஊர் வீடுகளில் குளியல் கொல்லைப்புறத்தில் நடந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குளித்த தண்ணீர், ஜலதாரை வழியே நேராக வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் போனது. அந்தத் தாரையின் மறுமுனையில் இருந்தது மண்ணும் வானமும்தான். குளியலறை வீட்டுக்குள் நுழைந்து, அதன் வால் ஊர்ச் சாக்கடையோடு முடிச்சுப் போட்ட பிறகே சிக்கல் தொடங்கியது. ஆகவே தமிழ் வீட்டு வரலாற்றை வாழைக்காலம், ட்ராப் காலம் என இரண்டாகப் பகுக்கலாம் என்பது என் துணிபு. இடையில் ஓர் இருண்ட காலம் உண்டு. ஓட்டையில் பழந்துணியைச் சுருட்டி அடைத்து, மேலே அரைச் செங்கல்லை வைத்த காலம். பல வாடகை வீடுகளில் அது இன்னும் முடியவில்லை.

மேற்கே இருள் வேறு விதமாக இருந்தது. 1596-இல் ஜான் ஹாரிங்டன் என்ற அரசவையினர், முதலாம் எலிசபெத் அரசியின் ஞானமகன், தண்ணீர் விட்டு அலசும் கழிப்பிடத்தை விவரித்து ஒரு நூலே எழுதினார். வளைவு அதில் இல்லை. கழிவு போன வழியே வாடை திரும்பி வந்தது. வளைவு வர இன்னும் 179 ஆண்டுகள் ஆயின. 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கோப்பைக்கு அடியில் குழாயை எஸ்ஸாக வளைத்துத் தண்ணீரைத் தங்கவிட்டுக் காப்புரிமை பெற்றார். இவர் பிளம்பர் அல்லர், கடிகாரம் செய்பவர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு, காற்றழுத்தம் ஏறி இறங்குவதைத் தானே கோடு போட்டுப் பதியும் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தவர். இதைத் தற்செயல் என்று ஒதுக்குவார் ஒதுக்கட்டும். ட்ராப்பின் சரித்திரம் முழுவதும் காற்றழுத்தத்தின் சரித்திரமே. அதை அளக்கத் தெரிந்த கை இதையும் வளைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். நம் தலைமேல் இருக்கும் காற்று, 10 மீட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம் உடையது. ட்ராப்பில் நிற்கும் தண்ணீரின் ஆழம் வழக்கமாக 50 மில்லிமீட்டர். 200-இல் ஒரு பங்கு. ஊர்ச் சாக்கடையின் படைபலத்துக்கு எதிரே நாம் நிறுத்தியிருக்கும் காவலாளியின் உயரம் நம் கட்டைவிரல் அளவு. யாரும் தள்ளாதவரை, யாரும் இழுக்காதவரை, அவன் நிற்பான்.

இழுப்பவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள். அங்கே ஃப்ளஷ் செய்ததும் தண்ணீர் செங்குத்துக் குழாயில் ஒரு பொதியைப் போல இறங்குகிறது. இறங்கும்போது முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது, பின்னால் இருக்கும் காற்றை இழுக்கிறது. நம் கிளைக்குழாயைக் கடந்து போகிற அந்த நொடியில் ட்ராப்பின் தண்ணீரும் சேர்ந்து இழுபடுகிறது. 'களக்' என்று ஒரு சத்தம் கேட்கும். நடு இரவில் அதைக் கேட்டுப் பயந்தவர்கள் உண்டு. கீழ்த்தளத்துக்காரர்களின் விதி இதற்கு நேர்மாறு. அவர்களுக்குத் தள்ளல்தான், சல்லடை வழியே குமிழி வரும். விவரமான பிளம்பர்கள் கீழ்த்தளத்துக் குழாயை மட்டும் தனியாக வெளியே உள்ள சாக்கடைச் சேம்பருக்குக் கொண்டுபோவதன் காரணம் இதுவே. எஸ் ட்ராப்புக்கோ வெளிப்பகையே வேண்டாம். தரைக்குள் இறங்கும் அதன் நீண்ட வால், போகிற வேகத்தில் தன் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்காவின் கட்டட விதிகள் பேசினுக்கு அடியில் அதைப் புதிதாகப் போட விடுவதில்லை. கம்மிங்கின் எழுத்து அங்கே தடைசெய்யப்பட்ட எழுத்து.

இந்த இழுபறியைத் தீர்க்க வென்ட் பைப் என்று ஒன்று உண்டு. மொட்டைமாடிக்கு மேலே தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் குழாய். கீழே காற்றுக்குத் தட்டுப்பாடு வந்தால் மேலிருந்து கொடுக்கும், அதிகமானால் வாங்கிக்கொள்ளும். எங்கள் மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும் குழுவினர், பக்கத்தில் உட்கார முடியவில்லை என்று அதன் தலையில் பாலிதீன் பை ஒன்றைக் கட்டி, ரப்பர் பேண்டும் போட்டிருந்தார்கள். மேலே வாடை நின்றது. கீழே வீட்டுக்கு வீடு ட்ராப்புகள் களக் களக் என்றன. பையை அவிழ்க்கச் சொல்லத்தான் நான் மாடி ஏறினேன். வடகம் அருமையாக வந்திருந்தது. எங்களுக்கும் ஒரு டப்பா கொடுத்தார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இனி கூந்தல். ட்ராப்பின் கரையில் ஒரு கொத்து முடி, ஒரு முனை தண்ணீரிலும் மறுமுனை அந்தப் பக்கக் குழாயிலுமாகத் தொங்கினால் போதும். அகல்விளக்கில் திரி எண்ணெயை ஏற்றுவது போல, முடி தண்ணீரைத் துளித்துளியாக அந்தப் பக்கம் கடத்திவிடும். யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை, ஆனால் கதவு காணாமல்போகும். சாத்தனார் கூந்தலையும் தூம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது இதை உணர்ந்துதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மறுப்போர் வாரம் ஒருமுறை தம் வீட்டுச் சல்லடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுக்கலாம்.

இவ்வளவு பகைகளையும் தாண்டி எங்கள் இரண்டாம் குளியலறைத் தண்ணீரைக் கொன்றது எது? வெறும் வெயில். ஒரு ட்ராப்பில் எப்போதும் நிற்பது கடைசியாகக் குளித்தவரின் கடைசி மக்குத் தண்ணீர். எங்கள் அறையில் கடைசியாகக் குளித்தவர் மாசி மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்த என் மைத்துனர். அவர் ஊற்றிக்கொண்ட கடைசி மக்கு, அவர் பஸ் ஏறிய பிறகும் அங்கேயே நின்று எங்கள் வீட்டைக் காத்தது. நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் ஆவியானது என்று வைத்துக்கொண்டாலும் 50 நாளில் கதை முடிந்திருக்கும். பங்குனி முழுக்க நின்றது, சித்திரையில் வறண்டது. அடைத்துக்கொண்டால் ட்ராப் கத்திக் கூச்சல்போடும், தரையெல்லாம் தண்ணீர் நிற்கும். காய்ந்தால் சத்தமே இல்லை. பெரிய சாக்கடைக் கரப்பான் மட்டும் மீசையை ஆட்டிக்கொண்டு வந்து தகவல் சொல்லும்.

இந்த இடத்தில் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் என்ற 33 மாடி அடுக்ககத் தொகுதியில் சார்ஸ் நோய் பரவி, 300 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 42 பேர் இறந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கூடப் பழகாத வீடுகள், மேலும் கீழுமாக ஒரே வரிசையில். விசாரித்தபோது சந்தேகம் விழுந்தது குளியலறைத் தரைகளின் மேல். அங்கே தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை, துடைப்பதுதான் வழக்கம். அதனால் பல வீடுகளில் தரை ட்ராப்புகள் காய்ந்து கிடந்தன. கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் அது கழிவுக்குழாயின் காற்றை, கிருமி கலந்த நுண்துளிகளோடு, உள்ளே இழுத்தது என்று அந்நகரச் சுகாதாரத் துறை விளக்கியது. ட்ராப்பில் தண்ணீர் நின்ற வீட்டில் அந்த வழி மூடியிருந்தது. அந்த அறிக்கையைப் பற்றிப் படித்த அன்று எழுந்து போய் இரண்டு குளியலறையிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

இப்போது என் மூன்றாம் கொள்கைக்கு வருவோம். சாக்கடை வாடையில் முக்கியப் பங்காளி ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை வாடை அடிப்பது. மனித மூக்கு இதை மிகச் சொற்ப அளவிலேயே பிடித்துவிடும். ஆனால் தொடர்ந்து அதிலேயே இருந்தால் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். அளவு மிகவும் கூடினாலோ மூக்கு அடியோடு மரத்துப்போகும். சாக்கடைக் குழிக்குள் இறங்குபவர்களின் உயிருக்கு உலை வைப்பது இதுவும்தான். வீட்டு அளவில் நடப்பது சிறிய கொடுமை. வீட்டுக்காரருக்குத் தன் வீட்டு வாடை தெரியாது. நான் பொய் சொல்லவில்லை. என் மூக்கு ராஜினாமா செய்திருந்தது. வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடிப்பவர் வெளியிலிருந்து வருபவர்தான்.

இங்கேதான் என் தேற்றம் நிறைவடைகிறது. விருந்தாளி வந்தால் குளிப்பார். குளித்தால் ட்ராப் நிரம்பும். நிரம்பினால் வாடை இல்லை. வராவிட்டால் ட்ராப் காயும், வாடை வரும், ஆனால் அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு விருந்தாளி வேண்டும். ஆக நோயைத் தடுக்கும் மருந்தும் அவரே, அறியும் கருவியும் அவரே, அவதிப்படுபவரும் அவரே. திண்ணை கட்டி வழிப்போக்கரைத் தங்கவைத்த நம் முன்னோர் இந்த ஹைட்ராலிக்ஸை அறிந்தே செய்தார்கள் என்று நிறுவும் ஆவல் எனக்கு உண்டு. அவர்களிடம் ட்ராப் இல்லை என்பதுதான் ஒரே தடை.

தேற்றத்தை வீட்டு அறிஞர் அவையில் வைத்தேன். மாமியார் முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப கருவாடு இல்லையா?" என்றார். மனைவி நடைமுறைக் கேள்வி எழுப்பினாள். விருந்தாளி வராத மாதங்களில் என்ன செய்வது? தண்ணீரின் மேல் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி மிதக்கவிட்டால் ஆவியாவது வெகுவாகக் குறையும் என்றேன். உடனே சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் வந்தது. அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஊட்டியில் ஊற்றினால் ட்ராப்புக்கு மூடி போட்டதாகிவிடும் என்று தடுத்தேன். நல்லெண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும். வாடையைத் தடுக்கப்போய் வாடையை வாங்குவது முறையல்ல. மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெடாது, அதுவே உத்தமம் என்றேன். "ஒரு மக்கு தண்ணி ஊத்தினா ஆகாதா?" என்றாள். ஆகும் என்று ஒப்புக்கொண்டேன். ஆராய்ச்சியின் இந்தக் கட்டத்தில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

அன்று முதல் வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவியதும் இரண்டாம் குளியலறைச் சல்லடையில் இரண்டு மக்கு ஊற்றப்படுகிறது. வாஷிங் மெஷின் வைப்பதற்காக விட்டு, இன்னும் மெஷின் வாங்காத பால்கனி ஓட்டைக்கும் ஒரு மக்கு. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஓட்டை இருக்கும். இதைப் படித்து முடித்ததும் ஊற்றிவிடுங்கள்.

தேற்றத்தை நேரில் சோதிக்க விரும்பும் வாசகர்கள் சென்னைக்கு வந்தால் எங்கள் வீட்டிலேயே தங்கலாம். குளியல் இரண்டாம் குளியலறையில், தாராளமாக, எத்தனை மக்கு வேண்டுமானாலும். வெள்ளைத் துண்டை மட்டும் தொட வேண்டாம்.